மாலுமிகளின் உதிரப் பிணி

மாதக்கணக்கில் கரை காணாது, உப்பிட்ட மாமிசத்தையும் புழுத்த ரொட்டியையும் தின்று ஜீவித்த 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில மாலுமிகளின் ஈறுகள் வீங்கி உதிரம் வடிந்ததற்கும், தொடைகளில் கருநீலத் திட்டுகள் படர்ந்ததற்கும், ஆறிய பழங்காயங்கள் மீண்டும் வாய்பிளந்ததற்கும் காரணம், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்களையும் காயத் தழும்புகளையும் தாங்கும் கொல்லாஜன் என்னும் புரதம் வைட்டமின் ‘சி’ இன்மையால் பலங்குன்ற, அவை சிதைந்தமையே. 1747-இல் ‘சாலிஸ்பரி’ கப்பலின் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பதார்த்தங்களைக் கொடுத்துப் பரீட்சித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவருள் ஒருவர் ஆறே நாளில் பணிக்குத் திரும்பும் நிலையை எய்தினார். கடல்நீர் குடிக்க வாய்த்த இருவரின் பாக்கியத்தை என்னென்பது! இத்துணைப் பிரத்தியட்சமான சான்று கிடைத்தும், எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கக் கடற்படை நிர்வாகம் 1795 வரை தாமதித்தது. லிண்ட் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.