சராசரிக்குள் மறைந்த நட்டம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் கணக்கீடு, பொருளியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

1932 மார்ச் 12ஆம் திகதி. பாரிஸில் உள்ள தன் வீட்டில் ஒருவர் துப்பாக்கிச் சூட்டுக் காயத்துடன் இறந்து கிடந்தார். பெயர் ஐவர் குரூகர், சுவீடன் நாட்டவர். உலகம் அவரைத் 'தீக்குச்சி மன்னன்' என்று அழைத்தது. பணமுடையில் இருக்கும் அரசாங்கங்களுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டின் தீக்குச்சி வியாபாரத்தில் தனியுரிமையோ சலுகையோ வாங்கிக்கொள்வார். 1927இல் பிரான்ஸுக்கு 75 மில்லியன் டொலர், 1929இல் ஜேர்மனியுடன் 125 மில்லியன் டொலருக்கு உடன்படிக்கை. இதற்கான பணத்தில் பெரும்பகுதியை அமெரிக்காவில் பங்குகளும் முறிகளும் விற்றுத் திரட்டினார்.

வாங்கியவர்களில் பெரும்பாலானோர் சாதாரணச் சேமிப்பாளர்கள். பங்கிலாபம் தாராளமாக வந்தது, அதனால் யாரும் கணக்கைக் கேட்கவில்லை. கேட்டாலும் குரூகர் சொல்லக்கூடியவர் அல்ல. அவர் இறந்த பிறகு கணக்காய்வாளர்கள் புத்தகங்களைத் திறந்தார்கள். இல்லாத சொத்துக்கள் இருப்பதாக எழுதப்பட்டிருந்தன. இத்தாலிய அரசாங்கத்தின் பெயரில் போலி முறிகள் அகப்பட்டன. பல்லாயிரம் பேரின் சேமிப்பு போனது.

நியூயோர்க் சந்தை ஏற்கனவே விழுந்து கிடந்த நேரம் அது. 1929 செப்டெம்பரில் 381 புள்ளியில் இருந்த டவ் ஜோன்ஸ் சுட்டெண் 1932 ஜூலையில் 41க்கு இறங்கியிருந்தது. மக்களிடம் கோபம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1933 மே 27ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட பிணையங்கள் சட்டம். அடுத்த ஆண்டு அதை நடைமுறைப்படுத்த ஓர் ஆணைக்குழுவும் வந்தது.

அந்தச் சட்டத்துக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கன்சாஸ் மாநிலம் 1911இல் போட்ட வழி: எந்தப் பங்கு விற்கத் தகுந்தது என்பதை அரச அதிகாரியே தீர்மானிப்பார். மற்றது இங்கிலாந்தின் கம்பனிச் சட்டங்களில் வளர்ந்த வழி: என்ன வேண்டுமானாலும் விற்கலாம், ஆனால் வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1933 சட்டம் இரண்டாவதைத் தேர்ந்தது. புதிதாகப் பங்கு வெளியிடும் கம்பனி தன் கணக்கையும் கடனையும் யார் யாருக்கு என்ன பங்கு என்பதையும் பதிவுசெய்து வெளிப்படுத்த வேண்டும். பொய் சொன்னால் பணிப்பாளரும் கணக்காய்வாளரும் பொறுப்பு.

சரி, இதனால் பயன் கிடைத்ததா?

முப்பது ஆண்டுகள் இந்தக் கேள்வியைப் பெரிதாக யாரும் அளந்து பார்க்கவில்லை. 1964இல் சிக்காகோப் பொருளியலாளர் ஜோர்ஜ் ஸ்டிக்லர் அளந்தார். சட்டத்துக்கு முந்திய 1920களில் வெளிவந்த புதிய பங்குகளையும் சட்டத்துக்குப் பிந்திய காலத்தில் வெளிவந்தவற்றையும் எடுத்து, சந்தையோடு ஒப்பிட்டால் வாங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தார். சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை! இத்தனை படிவமும் செலவும் எதற்கு என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1982இல் நோபல் பரிசு பெற்ற மனிதர் அவர், அவருடைய வாதத்தை லேசாகத் தள்ள முடியாது.

ஆனால் 1970இல் ஜோர்ஜ் அகெர்லொஃப் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். மூன்று சஞ்சிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. பழைய கார் விற்பவனுக்கு அதன் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் பயந்து குறைத்தே விலை பேசுவான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் ஒதுங்குவான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது கெட்ட கார்கள். கம்பனிப் பங்குக்கும் இதே கதைதான். கணக்கை மறைப்பவனால் வாங்குபவனுக்கு மட்டும் நட்டமில்லை. பக்கத்தில் நேர்மையாகத் தொழில் செய்பவனுக்கும் முதல் கிடைக்காமல் போகிறது.

1989இல் கரோல் சைமன் என்ற பொருளியலாளர் ஸ்டிக்லரின் கேள்வியை மறுபடியும் எடுத்தார். அவர் செய்தது, பங்குகளைப் பிரித்துப் பார்த்தது. நியூயோர்க் சந்தையின் பங்குகளிலும், ஏற்கனவே பெயர் பெற்ற கம்பனிகளின் பங்குகளிலும், ஸ்டிக்லர் சொன்னது சரி: சராசரி மாறவில்லை. ஆனால் பிராந்தியச் சந்தைகளில் பெயர் தெரியாத புதுக் கம்பனிகளின் பங்கை வாங்கியவர்கள், சட்டத்துக்கு முன்னர் பெறுமதிக்கு மேல் விலை கொடுத்திருந்தார்கள். சட்டம் வந்த பின் அந்த ஏமாற்றம் அடங்கியது. பொதுவாகவே பங்குகளின் பெறுபேற்றில் இருந்த ஏற்றத்தாழ்வும் குறைந்தது.

வகுப்பறைக் கணக்காகச் சொல்கிறேன். இரண்டு வகுப்புகளுக்கும் சராசரிப் புள்ளி 60. ஒன்றில் எல்லோரும் 55க்கும் 65க்கும் இடையில். மற்றதில் பாதிப்பேர் 90, பாதிப்பேர் 30. அறிக்கையில் சராசரியை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அந்த 30 எடுத்த பிள்ளை எங்கே போனது?

ஸ்டிக்லரின் அட்டவணையில் காணாமல் போனது அந்தப் பிள்ளைதான். பெரிய முதலீட்டாளருக்கு விசாரிக்க ஆளும் வசதியும் உண்டு. சட்டம் தேவைப்பட்டது, கேட்கத் தெரியாமல், கேட்டாலும் பதில் கிடைக்காமல் இருந்த சிறிய சேமிப்பாளனுக்கு.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2000 ஓகஸ்டில் 90 டொலருக்கு மேல் விற்ற என்ரோன் கம்பனியின் பங்கு அடுத்த ஆண்டு முடிவதற்குள் குப்பையானது. 2001 டிசெம்பர் 2ஆம் திகதி கம்பனி வங்குரோத்து. எட்டு நாட்களின் பின் ஸ்டொக்ஹோமில் அகெர்லொஃப் நோபல் பரிசு வாங்கினார். என்ரோனின் உயர் அதிகாரி ஒருவரே நடத்திய கூட்டு நிறுவனங்களோடு அது செய்த கொடுக்கல் வாங்கல், முந்திய ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இருந்தது. யாருக்கும் விளங்காதபடி எழுதப்பட்டிருந்தது. குரூகர் சொல்லாமல் மறைத்தார், இவர்கள் சொல்லியே மறைத்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, நிதிக்கூற்றைப் பார்க்கும்போது இலாபம் எழுதிய வரியோடு நின்றுவிடாதீர்கள். அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் வாசியுங்கள். விளங்காவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். விளங்கும்படி பதில் சொல்ல மறுப்பவரிடம் உம்மா வாப்பாவின் சேமிப்பைக் கொடுக்க விடாதீர்கள்.