நிலக்கிழாரின் ஏடுகளும் 1,490 பெயர்களும்

மன்னர்க்கு மாளிகைகள் உண்டு. மறவர்க்கு நடுகற்கள் உண்டு. பசியால் மாண்டவனுக்கு என்ன உண்டு? வரலாற்றுக் காட்சியகங்களை அமைப்போர் எதிர்நோக்கும் இடர்களுள் இது பெரியது. வாளும் கேடயமும் முடியும் அணிகலனும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கக் கிடைக்கின்றன. பட்டினியால் இறந்த குடியானவன் விட்டுச் சென்ற பொருள் யாது? அவனிடமிருந்த பானையும் போர்வையும் அவன் சாவதற்கு முன்பே விலை போயின. அவன் வாழ்ந்த குடிசை இடிக்கப்பட்டது. எழுத்தறியாதவன் ஆதலின் நாட்குறிப்பும் இல்லை, மடலும் இல்லை. இத்தகையோரை நினைவுகூர ஒரு கூடம் எழுப்ப வேண்டுமாயின், அதனுள் எதனை வைப்பது?

இவ்வினாவுக்கு அயர்லாந்து நாட்டின் ரோஸ்காமன் மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் ஒரு விடை கிடைத்துள்ளது. அங்கே 1994-ஆம் ஆண்டு, அந்நாட்டின் அன்றைய குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் அம்மையாரால் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறந்துவைக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு அது புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திறக்கப்பட்டது. அது அமைந்துள்ள இடமே முதலில் கருதத்தக்கது. மாண்டோரின் புதைகுழிக்கு அருகில் அஃது எழவில்லை. அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றிய நிலக்கிழாரின் மாளிகை வளாகத்தில், அக்குடும்பத்தாரின் குதிரைகள் நின்ற கொட்டில்களில் அஃது அமைந்திருக்கின்றது. அங்கே சான்றுகளாக விளங்குவனவும் பெரும்பாலும் அந்நிலக்கிழாரின் பண்ணைக் காகிதங்களே. வெளியேற்றியவரின் கணக்கேடு, வெளியேற்றப்பட்டவரின் சாட்சியாக மாறிய வரலாறு இது.

அப்பஞ்சத்தைப் பற்றிச் சிறிதேனும் அறிந்தாலன்றி அவ்வேடுகளின் பொருள் நமக்கு விளங்காது. 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 82 இலட்சம். அவர்களுள் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பி உயிர் வாழ்ந்தனர். உழைக்கும் ஆடவன் ஒருவன் நாளொன்றுக்குப் பத்துப் பவுண்டுக்கு மேல் கிழங்கு உண்டான் என்றால் நம்மவர்க்கு வியப்பாக இருக்கும். ஆனால் அவன் உண்பதற்கு வேறொன்றும் இல்லை. விளைந்த தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைக்குப் போயின. சிறு துண்டு நிலத்தில் நட்ட கிழங்கே வயிற்றுக்கு மிஞ்சியது. 1845-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிர் அக்கிழங்குப் பயிரைத் தாக்கியது. பச்சைப் பசேலென நின்ற வயல்கள் சில நாள்களில் கருகி நாறின. அடுத்த ஆண்டு விளைச்சல் முற்றும் அழிந்தது எனலாம். 1851-இல் மீண்டும் தலையெண்ணியபோது மக்கள்தொகை 65½ இலட்சமாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் மாண்டனர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர்.

கிழங்கைக் கொன்றது நோய். மக்களைக் கொன்றது நோய் மட்டுமன்று. பஞ்ச காலத்திலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. சந்தையில் அரசு தலையிடலாகாது என்னும் கோட்பாடு இலண்டனில் ஓங்கியிருந்தது. 1847-ஆம் ஆண்டுக் கோடையில் அரசின் கஞ்சித்தொட்டிகள் நாள்தோறும் 30 இலட்சம் பேருக்கு உணவளித்தன. மனம் வைத்தால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆயின் சில திங்களில் அவை மூடப்பட்டன. துயர்துடைப்புப் பணிகளின் கடிவாளம் கருவூலச் செயலாளர் சார்லஸ் டிரெவெல்யன் என்பவரின் கையில் இருந்தது. பஞ்சத்தை இறைவனின் திருவுள்ளச் செயலாகக் கண்டு 1848-இல் நூல் எழுதியவர் அவர். இதே டிரெவெல்யன்தான் 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். பிற்காலத்தில் மூர் மார்க்கெட் எழுந்த பீப்பிள்ஸ் பார்க் என்னும் பூங்காவை அமைத்தவரும் அவரே. சென்னை வரலாறு அவரை ஒரு பூங்காவால் அறிகின்றது. அயர்லாந்து வேறு வகையில் அறிகின்றது.

இனி ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்நிலத்தைப் பெற்றது மாஹன் குடும்பம். 1845-ஆம் ஆண்டு, பஞ்சம் தொடங்கிய அதே வேளையில், மேஜர் டெனிஸ் மாஹன் அப்பண்ணையின் உரிமையைப் பெற்றார். அவர் கைக்கு வந்தது கடனில் மூழ்கிய பண்ணை. ஆண்டுக்கு நான்கு பவுன் மதிப்புக்கு மேற்படாத சிறுகுத்தகை நிலங்களுக்குரிய ஏழையர் வரியை நிலக்கிழாரே செலுத்த வேண்டும் என்பது அன்றைய சட்டம். சிறு குடியானவர் எத்துணைப் பெருகியிருந்தனரோ அத்துணை வரி. ஆகவே குடியானவனை நிலத்தில் வைத்திருப்பதைவிட அகற்றுவதே ஊதியமாகத் தோன்றியது. மாஹனின் காரியக்காரரான ஜான் ராஸ் மாஹன் என்பார் கணக்கிட்டுப் பார்த்தார். ஏழையர் விடுதியில் வைத்து உணவளிப்பதைக் காட்டிலும் கப்பலேற்றி அனுப்பிவிடுவது செலவு குறைவு என்று எழுதினார். இரக்கமின்மையைக் கூடக் கூட்டல் கழித்தலாக எழுதிவிட்டால் அது நிருவாகம் ஆகிவிடுகின்றது போலும்!

1847-ஆம் ஆண்டு மே மாதம் அப்பண்ணையிலிருந்து 1,490 பேர் புறப்பட்டனர். ராயல் கால்வாயின் கரையோரமாகவே அவர்கள் டப்ளின் நகரம் வரை நடந்தனர். இன்று அவ்வழி 165 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையாக அடையாளமிடப்பட்டுள்ளது. அவர்கள் கப்பலேறுவதை உறுதிசெய்யப் பண்ணையின் ஏவலாள் ஒருவன் உடன் சென்றான். டப்ளினிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து நான்கு கப்பல்களில் கனடா. அவற்றுள் விர்ஜினியஸ் என்னும் கப்பலில் ஏறியோர் 476 பேர். கியூபெக் அருகேயுள்ள குரோஸ் ஈல் என்னும் நோய்த்தடுப்புத் தீவை அது சென்றடைவதற்குள் 158 பேர் மாண்டு கடலில் விடப்பட்டனர். கரை சேர்ந்தோருள்ளும் பலர் காய்ச்சலோடு இறங்கினர். அந்த ஒரே ஆண்டில் அத்தீவில் புதைக்கப்பட்டோர் 5,000-க்கும் மேற்பட்டவர்.

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் மாலை, வண்டியில் வீடு திரும்பிய டெனிஸ் மாஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி பரவியதும் சுற்றுப்புறக் குன்றுகளில் களிப்புத் தீ மூட்டப்பட்டதாகக் கூறுவர். பண்ணையிலிருந்து அகற்றப்பட்டோர் 3,006 பேர் என எல்பின் மறைமாவட்ட ஆயர் 1848-இல் ஊர்வாரியாகப் பட்டியல் வெளியிட்டார். மாஹன் தரப்பினர் அதனை மறுத்தனர். இவ்வழக்கு இன்றளவும் முடிந்தபாடில்லை.

ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பின், 1979-இல், அக்குடும்பத்தார் மாளிகையையும் நிலத்தையும் விற்றனர். வாங்கியவர் ஜிம் கேலரி என்னும் உள்ளூர் வணிகர். தம் வாகனத் தொழிலை விரிவாக்க அவர்க்கு நிலம் வேண்டியிருந்தது, மாளிகை வேண்டியிருக்கவில்லை. பண்ணை அலுவலகத்தில் குவிந்து கிடந்த பழைய காகிதங்களைப் புரட்டியபோது அவர் கையில் ஒரு மனு அகப்பட்டது. 1846 ஆகஸ்டு மாதம் குளூனஹீ என்னும் சிற்றூரின் குடியானவர்கள் எழுதுவித்தது அது. கிழங்கு அழிந்துவிட்டதையும், உணவுக்காகக் கதறும் குடும்பத்தாரின் குரலை இனித் தாங்க இயலாமையையும் அவர்கள் அதில் முறையிட்டிருந்தனர். அவ்வட்டாரத்திலேயே வளர்ந்த கேலரி அதனைப் படித்துவிட்டுக் காகிதங்களைக் குப்பைக்கு அனுப்பவில்லை. அத்தொகுதியில் 50,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருந்தன. குத்தகைப் பதிவேடு, வரிச்சீட்டு, மடல், மனு, வெளியேற்றப் பட்டியல் என எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன. அருங்காட்சியகத்தின் வித்து அதுதான்.

காட்சியகத்தின் முறையை இப்போது நோக்குவோம். மாளிகை மாளிகையாகவே விடப்பட்டுள்ளது. அதன் அடுக்களைக்கு மேலே தடுப்புக் கம்பிகளோடு கூடிய ஒரு மேல்மாடம் உண்டு. வீட்டுத் தலைவி அங்கு நின்று, அவ்வாரத்தில் சமைக்க வேண்டிய உணவு வகைகளின் சீட்டைக் கீழே சமையற்காரிக்குப் போடுவது வழக்கம். பணியாளர் நடமாட்டம் மேலோர் கண்ணில் படாதிருக்க நிலத்தடி வழி ஒன்றும் உண்டு. இவற்றைப் பார்த்துவிட்டுக் கொட்டில் பக்கம் செல்பவர் குளூனஹீ மனுவின் முன் நிற்பார். உணவுச் சீட்டு விழுந்த மாளிகையும் உணவு கேட்ட மனு வந்து சேர்ந்த மாளிகையும் ஒன்றே. இதற்கு விளக்கவுரை எழுதத் தேவையில்லை. எழும்புதோலுமாய் நிற்கும் உருவங்களை மட்டும் நிறுத்திக் கண்ணீர் வரவழைப்பது எளிது. அதனினும் இம்முறை வலியது என்பது என் கருத்து.

நிலக்கிழாரைக் கொடியவராக மட்டும் தீட்டி முடிக்கவும் அக்காட்சியகம் விரும்பவில்லை. அவர் கடன், அவர் மீது விழுந்த வரி, சட்டத்தின் நெருக்கடி ஆகியனவும் அந்த ஆவணங்களிலேயே உள்ளன. இதனால் அவர் குற்றம் குறைவதாகச் சிலர் கருதக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒருவர் தீயவராக இருந்ததால் மட்டும் பஞ்சம் நிகழ்ந்தது என்றால், அவர் இறந்ததும் அது தீர்ந்திருக்க வேண்டும். சட்டமும் கணக்கும் கோட்பாடும் சேர்ந்து ஓர் ஊரையே எவ்வாறு காலி செய்தன என்பதனை மாணவர்க்குக் காட்ட இத்தகைய நேர்மை இன்றியமையாதது.

நம் முன்னோர் பட்ட துயரிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, கூட்டங்கூட்டமாகத் தமிழர் இலங்கைத் தோட்டங்களை நோக்கிப் பெயர்ந்தனர். 1877-இல் துயர்துடைப்புப் பணியாளருக்குரிய தானிய அளவு நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைக்கப்பட்டது. அதனைக் கடுமையாக எதிர்த்தவர் அதே அரசின் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ். அவர் எழுதிவைத்தவை இல்லையேல், அந்த ஒரு பவுண்டில் மெலிந்தோரின் நிலையை அறிய நமக்கு வழி குறைவு. அங்கும் ஆள்வோர் ஏடே சாட்சி. ஆனால் அதில் எண்கள் உள, பெயர்கள் அரிது.

ஸ்ட்ரோக்ஸ்டவுனில் பெயர்கள் உள்ளன. வெளியேற்றத்திற்காக எழுதப்பட்ட பட்டியல்களின் துணையால், கப்பலேறிய 1,490 பேரின் பெயர்கள் கண்ணாடிச் சுவரொன்றில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் டேனியல் டை என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். தாயோடும் மாமனோடும் உடன்பிறந்தாரோடும் அவன் நேயோமி என்னும் கப்பலில் சென்றான். கரை சேர்ந்து உயிரோடு எஞ்சியோர் அவனும் தங்கை கேத்தரினும் மட்டுமே. கியூபெக்கில் பிரெஞ்சு மொழி பேசும் குடும்பம் ஒன்று அவ்விருவரையும் ஒன்றாகவே ஏற்று வளர்த்தது. அவன் வழிவந்த ஒருவர் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குத் திரும்பி வந்தார்.

கால்வாய்க்கரை நடைபாதையில் இடையிடையே சிறுவர் காலணிகள் வெண்கலத்தில் வார்த்து வைக்கப்பட்டுள்ளன. அவை முப்பது இணைக்கு மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடிசை ஒன்றின் கூரைக்குள், ஒன்றோடொன்று கட்டப்பட்டுக் கிடந்த ஓர் இணைக் காலணியே அவற்றின் மாதிரி. நடைபாதையில் இன்று நடப்போர் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகை வாயிலில் தொடங்கி, டப்ளின் துறைமுகக் கரையில் முடிக்கின்றனர்.