பாளயத்திற்குப் புறம்பே: வேலூருக்கு வந்த இரத்த மாதிரிகள்

லேவியராகமம் 13, 14 ஆம் அதிகாரங்களை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுகிறோம். ஆனால் நோயறிதலைப் பற்றிய மிகப் பழமையான ஒழுங்குகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. அவ்வொழுங்கின்படி நோயுற்றவன் தானே ஆசாரியனிடத்தில் கொண்டுவரப்பட வேண்டும். ஆசாரியன் அவனை நேரில் பார்த்தே தீர்ப்புக் கூற வேண்டும். புறம்பாக்கப்பட்டவன் குணமடைந்தானோ என்று அறியவும் ஆசாரியனே பாளயத்திற்குப் புறம்பே செல்ல வேண்டும் (14:3). தீர்ப்பைக் கூறுபவனும் அதனைப் பெறுபவனும் முகமுகமாய் நிற்பது அங்கே விதி.

தற்கால மருத்துவம் இவ்விதியை மாற்றியுள்ளது. நோயாளி தன் ஊரிலேயே இருக்க, அவருடைய இரத்தமோ சளியோ ஒரு சிறு குப்பியில் தொலைதூரத்து ஆய்வுக்கூடத்திற்குப் பயணம் செய்கிறது. ஆய்வாளர் அறிவது குப்பியின்மேல் ஒட்டிய எண்ணை மட்டுமே. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் இம்மாற்றம் நம்மிடம் ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. அதனை நம் நாட்டு வரலாற்று நிகழ்ச்சி ஒன்றின் வழியாகச் சிந்திப்போம்.

1. சென்னையிலிருந்து காட்பாடிக்கு

எய்ட்ஸ் நோய் 1981 இல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அது மேலைநாட்டாரின் நோய், நம்மை அணுகாது என்ற எண்ணமே அப்போது இந்தியாவில் மேலோங்கியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவியாகிய டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதனையே முதுநிலை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கூறினார். நிர்மலாவுக்கு அப்போது வயது 32. பாலியல் தொழிலின் காரணமாகப் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் 80க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளை அவர் சேகரித்தார். கையுறைகூட இல்லாத நிலையில் இப்பணி நடந்தது. பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவர் பாதுகாத்து வைத்தார்.

எலிசா சோதனைக்கான வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. ஆகவே 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவருடைய கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து ஆட்டோவில் மருத்துவமனையை அடைந்தனர். டாக்டர் ஜேக்கப் ஜானின் துறையில் காலையில் சோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் தடைப்பட்டது. தேநீர் அருந்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறியிருந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்று வெளிப்பட்டது.

முடிவை உறுதி செய்யும்பொருட்டு வேலூர் ஆய்வாளர்களும் சென்னைக் குழுவினரும் காப்பகத்திற்கே சென்று, அந்த ஆறு பேரிடமும் மீண்டும் இரத்தம் எடுத்தனர். அம்மாதிரிகள் அமெரிக்காவில் வேறொரு முறையால் சோதிக்கப்பட்டு, முடிவு உறுதியாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் நலத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே இச்செய்தியைத் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

2. குப்பியும் மனிதரும்

இப்பணியின் துணிவை யாரும் குறைத்துக் கூற இயலாது. எண்ணற்ற உயிர்களைக் காத்த எச்சரிக்கை அந்த ஐஸ் பெட்டியிலிருந்தே பிறந்தது. எனினும், தங்கள் இரத்தம் எந்த நோய்க்காகச் சோதிக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்களுக்கான சோதனை என்றே அவர்கள் எண்ணினர். நிர்மலாவே பிற்காலத்தில் இதனை மறைக்காமல் கூறியுள்ளார். அக்காலத்து வழக்கம் அது. பெட்டியின் பயணம் மணி நேரம் வரை நினைவுகூரப்படுகிறது. அந்த ஆறு பெண்களின் குரலோ இவ்வரலாற்றில் ஒலிப்பதில்லை.

முடிவு தவறான வழியில் திரும்பி வந்தால் நிகழ்வது யாது என்பதை 1989 இல் கோவா காட்டியது. டொமினிக் டி'சூசா என்னும் இளைஞர் இரத்ததானம் செய்தவர். அவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. காணப்பட்டபோது, அச்செய்தியை அவருக்கு ஆறுதலோடு அறிவிக்க எவரும் வரவில்லை. காவலரே வந்து, காரணம் கூறாமல் அழைத்துச் சென்றனர். 64 நாட்கள் அவர் தனிமையில் அடைக்கப்பட்டார். அவருடைய தாய் லூசி உயர்நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. பாளயத்திற்குப் புறம்பே தள்ளும் விதி மட்டும் எஞ்சியது. புறம்பே செல்லும் ஆசாரியனைக் காணோம்.

3. திருச்சபையின் பொறுப்பு

மாற்கு 5 ஆம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள ஸ்திரீ ஒருவரும் அறியாமல் ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமடைகிறாள். நோய் நீங்கியதோடு காரியம் முடிந்ததென்று அவர் சென்றுவிடவில்லை. யவீருவின் வீட்டிற்கு விரைய வேண்டிய வேளையிலும் நின்று, அவளைத் தேடி, அவள் உண்மையெல்லாம் சொல்லக் கேட்டு, மகளே என்று அழைக்கிறார். இரத்தத்தின் பெயரால் விலக்கப்பட்டவளுக்கு உறவின் பெயரைத் திரும்ப அளிக்கிறார்.

ஒருவருடைய அறிவார்ந்த சம்மதமின்றி எச்.ஐ.வி. சோதனை செய்யலாகாது, அவருடைய நிலையைப் பிறருக்கு வெளிப்படுத்தலாகாது என்பதனை, சில விதிவிலக்குகளோடு, 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. திருமணத்திற்கு முன் இரத்தப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்ட சபைகளும் நம் நாட்டில் உண்டு. அக்காகிதத்தைக் கையில் வாங்கும் போதகர், தாம் ஆசாரியனுடைய இடத்தில் நிற்பதை உணர்கிறாரா? அதனைப் படித்தபின் அந்த மனிதரைத் தேடிப் புறம்பே செல்ல அவர் ஆயத்தமாயிருக்கிறாரா? இல்லையெனில், அதைக் கேட்பதற்கு அவருக்கு என்ன உரிமை?

குப்பியைச் சுமந்து செல்ல ரயில் உண்டு. முடிவைச் சுமந்து திரும்புவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்தத் திரும்பும் வழியில் நடப்பதே நமக்கு விதிக்கப்பட்ட ஊழியம்.