ஹார்ட் டிஸ்க் 'பாஸ்' என்றால் நம்பலாமா?

தென்காசி பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. ஆனால் எச்சரிக்கை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் திடீரென்று வந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்றது.

ஹார்ட் டிஸ்க்குக்கும் அப்படி ஒரு வளைவு உண்டு. 1992-ல் ஐபிஎம், டிஸ்க் பழுதாகும் முன்பே எச்சரிக்கும் வசதியைக் கொண்டு வந்தது. 1995-ல் காம்பேக் தன் முறையைப் பொதுவாக்க முன்வந்தது. இவற்றிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்மார்ட்'.

சிக்கல் எங்கே? ஸ்மார்ட் 'பாஸ்' என்கிறது. முழு டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனை 'ஃபெயில்' என்கிறது. 'பாஸ்' என்றால், தயாரித்தவர் வைத்த எல்லையை இன்னும் தொடவில்லை என்று மட்டுமே பொருள்.

2007-ல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து இதை உடைத்துச் சொன்னது. பழுதானவற்றில் 56 சதவீதம், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை! அதே நேரம், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம்.

ஆகவே, இரண்டு சோதனைகள் முரண்பட்டால் கெட்ட செய்தி சொல்வதையே நம்புங்கள். முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள். மறுசோதனை பிறகு.