ஸ்லோவேனியாவுக்கு முன்னாடி ஒரு சோமங்கலம்

இன்னைக்கு எபிசோட் ஸ்லோவேனியாவில் ஆரம்பிச்சு தாம்பரம் மேற்குல வந்து நிக்கப்போகுது.

கூட்டம் இல்லாத ஐரோப்பிய நாடு வேணும், காடு மலை வேணும், பழைய கோட்டையும் வேணும்னு தேடுறவங்க கடைசியில் வந்து சேர்ற பேர்களில் ஸ்லோவேனியா ஒண்ணு. தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள்தொகை ஏறக்குறைய 21 லட்சம். ரீல்ஸில் நீங்க பார்த்திருக்கக்கூடிய படம் ப்ளெட் ஏரி: நடுவில் குட்டித் தீவு, அதில் ஒரு தேவாலயம், கரையில் செங்குத்துப் பாறை மேல கோட்டை.

1004-ல் இரண்டாம் ஹென்றி என்ற ஜெர்மானிய அரசர் இந்த ப்ளெட்டை ப்ரிக்ஸன் பிஷப்புக்குத் தானமாகக் கொடுத்தார். கோட்டையைப் பற்றிய முதல் குறிப்பு 1011-ஆம் ஆண்டு ஆவணத்தில் வருது. அதே நேரத்துல இங்கே ஆட்சி யாரோடது? முதலாம் ராஜராஜன். தஞ்சைப் பெரிய கோயிலை அவர் கட்டி முடிச்சது 1010-ல். இங்கேயும் அரசர்கள் ஊர்களையே தானமாகக் கொடுத்தார்கள். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்களின் பெயர் பெரும்பாலும் 'மங்கலம்' என்று முடியும். அந்த மாதிரி ரெண்டு மங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே, பைக்கில் போற தூரத்துல இருக்கு. விசா தேவையில்லை.

மணிமங்கலம்

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ அரசர் நரசிம்மவர்மனும் சாளுக்கிய அரசர் இரண்டாம் புலிகேசியும் மோதிய களங்களில் மணிமங்கலமும் ஒன்று. இது வெறும் கதையில்லை. நரசிம்மவர்மனின் பேரன் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு இந்த ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுது. தோற்று ஓடிய புலிகேசியின் முதுகில் 'வெற்றி' என்ற சொல்லையே நரசிம்மவர்மன் எழுதிவிட்டார்ங்கிற மாதிரி அதில் ஒரு வர்ணனை உண்டு. அந்தக் காலத்து ட்ரோல்னு வெச்சுக்கலாம். பிறகு பல்லவப் படை வாதாபி வரை போய் அந்தத் தலைநகரையே பிடித்தது.

400 வருஷம் தள்ளி வந்தா, இதே ஊர் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள். முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் என்று வரிசையாக மூன்று அரசர்கள். துங்கபத்திரைப் பக்கம் நடந்த போர்களின் செய்தி இந்தச் சின்ன ஊர்ச் சுவரில் வெட்டப்பட்டிருக்கு. டிவியும் பேப்பரும் இல்லாத காலத்துல அரசின் செய்தி ஊர் ஊராகப் போன வழி இதுதான்.

பக்கத்துலயே தர்மேசுவரர் கோயில். கருவறையைப் பின்பக்கமா போய்ப் பாருங்க. மூலைகள் இல்லாமல் வளைஞ்சு, யானை உட்கார்ந்தபடி தூங்குற மாதிரி இருக்கும். இந்த அமைப்புக்குத் தமிழில் 'தூங்கானை மாடம்'னு அழகான பேர் உண்டு. சோமங்கலத்திலும், தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலிலும் இதே வடிவம்தான். காலையில் சீக்கிரம் கிளம்பினால் மூணையும் ஒரே நாளில் பார்த்துடலாம்.

சோமங்கலத்துக் கல்வெட்டு

நான் இந்த எபிசோடைப் பண்ணக் காரணமே சோமங்கலம்தான். இங்கே போர் இல்லை, அரசகுல ரகசியம் இல்லை. ஒரு ஏரி உடைஞ்ச கதை.

முதல்ல ஏரின்னா என்னன்னு பார்த்துடுவோம். ப்ளெட் ஏரிக்கான பள்ளத்தைப் பனிப்பாறை தோண்டியது. நம்ம ஏரிகளை மனுஷங்க கட்டினாங்க. சரிவான நிலத்தில் மழைத்தண்ணியை மறிக்க நீளமா ஒரு மண் கரை, வயலுக்குத் தண்ணி விட மதகு, நிரம்பினால் உபரி வெளியேறக் கலங்கல். ஒரு ஏரியின் கலங்கலில் வழியும் தண்ணி கால்வாய் வழியா அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு. சங்கிலி மாதிரி. நடுவில் ஒண்ணு உடைஞ்சா கீழே இருக்கிற ஊர்களுக்கும் ஆபத்து.

12-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், பெருமழையில் சோமங்கலம் ஏரிக்கரை ஏழு இடங்களில் உடைந்தது. ஒருவர் தன் செலவில் உடைப்புகளை அடைத்தார். அடுத்த வருஷம் திரும்ப உடைஞ்சது. திரும்ப அவரே அடைத்தார். அதோட விடலை. ஊரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அதன் வட்டியிலிருந்து வருஷாவருஷம் ஏரியைப் பராமரிக்கணும்னு ஏற்பாடு செய்தார். இதெல்லாம் கல்லில் இருக்கு.

ஒரு தடவை அடைச்சா போதாதுன்னு ரெண்டாவது மழையில் புரிஞ்சுக்கிட்டு, அசலைத் தொடாமல் வட்டியில் செலவு பண்ணச் சொன்ன ஆள் அவர்.

இது ஏதோ ஒரு நல்ல மனுஷனோட தனி முயற்சின்னு மட்டும் நினைச்சுடாதீங்க. தாம்பரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் 'ஏரி வாரியம்' என்று ஏரிக்கே தனிக் குழு வருது. குடவோலையில் ஆள் எடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி வர முடியாது.

இதைக் கேட்டு 'அப்போவே ஜனநாயகம்'னு ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்தச் சபையில் இடம், நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும்தான். கரைக்கு மண் சுமந்தவங்க பேர் அந்த விதிகளில் எங்கேயும் இல்லை. ரெண்டையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்கணும்.

2015

மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் அடையாறாகத் தொடங்குது. சோமங்கலம் பக்கத் தண்ணியும் அதே ஆத்துக்குத்தான் வருது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டதை நம்மில் பலர் நேரிலேயே பார்த்தோம்.

அவ்வளவு மழைக்கு எந்த ஏற்பாடும் முழுசாத் தாங்கியிருக்காதுதான். ஆனா சங்கிலியின் நடுவில் கால்வாய்கள் குறுகி, வெள்ளம் பரவ வேண்டிய இடங்கள் வீட்டுமனை ஆகியிருந்தன. தண்ணி 12-ஆம் நூற்றாண்டில் போன அதே சரிவில்தான் போச்சு. வழியில் இப்போ நாம இருக்கோம்.

அதனால்தான் இந்தக் கல்வெட்டை நான் அலங்காரப் பெருமையாகப் பார்க்கலை. அது நம்ம ஏரியாவோட பழைய பராமரிப்பு ரெக்கார்டு. உங்க வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்குக் கலங்கல் எங்கே, தண்ணி எந்தப் பக்கம் போகும், வருஷாவருஷம் அதுக்குப் பணம் எங்கிருந்து வருதுன்னு கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. ஃப்ளாட் வாங்கப் போறவங்க கார் பார்க்கிங் பற்றிக் கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கேக்கலாம்.

போகணும்னா

மழைக்காலம் முடிஞ்சு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல நேரம். தாம்பரம் மேற்கிலிருந்து முடிச்சூர் ரோடு பிடிச்சு மணிமங்கலம், அங்கிருந்து சோமங்கலம். கோயில்கள் மதியம் சாத்திடுவாங்க, அதனால காலையிலேயே கிளம்புங்க. ஏரியில் தண்ணி இருந்தா நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கண்ணுல படலாம், பைனாகுலர் எடுத்துக்கோங்க. கல்வெட்டு மேல சாக்பீஸ், குங்குமம் எதையும் தேய்க்காதீங்க; பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எழுத்து நல்லாத் தெரியும்.

ஸ்லோவேனியாவுக்கும் கண்டிப்பா போங்க. ப்ளெட் கோட்டையில் கைடு 1011-ன்னு சொல்லும்போது, அந்த நூற்றாண்டில் உங்க ஊர்ல என்ன நடந்ததுன்னு அவருக்குச் சொல்ல உங்ககிட்டயும் கதை இருக்கும்.

அடுத்த எபிசோடில் பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் குடைந்த குகை பற்றிப் பேசலாம்.