ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி



2004 பிளஸ் டூ மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்த ஏரி வரலாறு நினைவிருக்கிறதா? கைப்பிரதி கரையானுக்குப் போயிற்று. மிஞ்சியது ஒரு சிடி. அதைத் திறக்கும் மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். "மெய்நிகர் கணினி போட்டுக்கலாம் தாத்தா, எது வேணும்?" என்றான் பேரன். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் விடுவேனா? பூர்வீகத்தைத் தோண்டினேன்.

ஒரு பெருங்கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தையை ஐபிஎம் 1960களிலேயே செய்துவிட்டது. வீட்டுக் கணினியின் எக்ஸ்86 சில்லுதான் முரண்டு பிடித்தது. அதன் சில கட்டளைகள் மேற்பார்வை மென்பொருளின் கண்ணில் படாமலே நழுவிவிடும். 1999இல் வந்த விஎம்வேர் அவற்றை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. கெட்டிக்காரத்தனம்! 2005இல் இன்டெல் சில்லிலேயே இதற்கு வழி செய்தது.

பிறகு கைமாறிய கதைதான். கனெக்டிக்ஸின் விர்ச்சுவல் பிசியை 2003இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்று அது இல்லை. விஎம்வேர் 2023இல் பிராட்காமிடம் போனது. வீட்டு உபயோகத்துக்கு 2024 முதல் இலவசம். ஆனால் இலவசம் என்பது உரிமையாளர் மனம் வைக்கும்வரைதான். விர்ச்சுவல்பாக்ஸும் இன்னோடெக், சன், ஆரக்கிள் என்று கைமாறியதே. ஆனால் 2007லேயே அதன் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டது. அதையே போடச் சொன்னேன்.

உள்ளே எக்ஸ்பி ஓடுகிறது. பழசாயிற்றே, இணையத்தை மட்டும் துண்டித்துவிட்டோம். ஏரி வரலாறு உங்கள் தட்டச்சுப் பிழைகளோடு அப்படியே இருக்கிறது. வேண்டியவர்கள் சொல்லுங்கள், பிடிஎஃப் அனுப்புகிறேன்.