சேன் நதிக்கரையில் ஒரு தொழிலாளர் நகரம்

பாரிஸ் மாநகரின் தென்கிழக்கே, சேன் நதியின் இடக்கரையில் இவ்ரி என்றொரு சிறு நகரம் உண்டு. பாரிஸ் சென்று திரும்பும் நம்மவர் நோத்ர்தாம் பேராலயத்தைக் கண்டு வருவர். இவ்ரிக்குச் சென்றவர் அரியர். ஆயினும் திருச்சபைக்கும் தொழிலாளருக்கும் இடையே விழுந்த பிளவை ஓர் ஊரின் வரலாற்றிலேயே கற்க விழைவோர்க்கு இதனினும் தக்க இடம் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

முன்னர் அது திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். 19-ஆம் நூற்றாண்டில் நதியும் இரயில் பாதையும் ஆலைகளை அழைத்து வந்தன. 1860-இல் பாரிஸ் தன் எல்லையை விரித்தபோது இவ்ரியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டது. எஞ்சிய நிலம் புகைபோக்கிகளுக்கும், தலைநகரில் வாடகை கொடுக்க வழியற்ற ஏழைகளுக்கும் உரியதாயிற்று. 1925-இல் நகராட்சி பொதுவுடைமைக் கட்சியின் வசமாகி, ஜார்ஜ் மரான் மேயரானார். கட்சித் தலைவர் மோரிஸ் தொரே இவ்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1936 ஏப்ரலில் வானொலி வழியே கத்தோலிக்கருக்குக் கை நீட்டியவர் அவரே. அடுத்த ஆண்டு திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் நாத்திகப் பொதுவுடைமையைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார்.

இந்நகருக்கு 1933-இல், தோழியர் இருவருடன் வந்து சேர்ந்தார் மதலேன் டெல்ப்ரெல். இளமையில் நாத்திகராயிருந்து, 1924-இல் மனந்திரும்பியவர், துறவற உடை அணியாதவர், சமூகப் பணியாளர். 1935 முதல் ரஸ்பாய் தெருவின் 11-ஆம் எண் வீட்டில், நகரமன்றத்திற்கு அருகிலேயே வாழ்ந்தார். மிகக் குறைந்த கூலி கொடுத்த ஆலைகளுள் கத்தோலிக்க முதலாளிகளுடையவையும் இருந்தமை அவரை உலுக்கிற்று. நீதிக்காகப் போராடியவர்களோ கடவுளை மறுத்தவர்கள். ஒருகட்டத்தில் அவர்களோடு முற்றிலும் இணைந்துவிடலாமா என்றுகூட எண்ணினார்; நற்செய்தியை மீண்டும் படித்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். அயலாரை மட்டும் கைவிடவில்லை. போர்க்காலத்திலும் நகராட்சியின் சமூகப் பணியில் நீடித்தார். விடுதலைக்குப்பின் திரும்பி வந்த பொதுவுடைமை நிருவாகமும் அவரை விலக்கவில்லை.

இங்கே நம் வாசகர் சற்று நிற்க வேண்டும். ஆலைத் தொழிலாளர் ஞாயிறு திருப்பலிக்கு வராதபோது 'பக்தி குறைந்துவிட்டது' என்று பிரசங்க மேடையிலிருந்து நாம் வருந்துகிறோம். அவருக்குக் கூலி குறைத்தவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

அக்காலத்தில் கர்தினால் சுயார் ஆதரவுடன் குருக்கள் சிலர் ஆலைகளில் தொழிலாளராகவே வேலை செய்தனர். உரோமையில் இதுபற்றி ஐயங்கள் எழுந்தபோது, 1952-இல் மதலேன் உரோமைக்கு விரைந்து, புனித பேதுருவின் கல்லறையருகே ஒரு பகல் முழுவதும் செபித்துத் திரும்பினார். 1954-இல் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. அவருக்கு அது பெருந்துயரம். எனினும் திருச்சபைக்கு எதிராக நின்று அவர் தொழிலாளரை நேசிக்கவில்லை. தொழிலாளரை மறந்து திருச்சபையையும் நேசிக்கவில்லை. இரண்டையும் ஒருசேரச் சுமப்பது எளிதன்று. தம் இவ்ரி அனுபவத்தை 1957-இல் நூலாக எழுதினார். 1964 அக்டோபரில் இறந்தார். மறு ஆண்டே, சங்கம் முடியும் தறுவாயில், தொழிலாளர் குருக்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. 2018-இல் அவர் வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

நகரமோ உருமாறிவிட்டது. ஆலைகள் பல மூடப்பட்டன. காலணிக் கயிறு கோக்கும் உலோக வளையங்கள் செய்த தொழிற்சாலை 2016 முதல் நாடக அரங்கு. 1963-இல் விண்வெளி வீரர் காகரின் நேரில் வந்திருந்து திறந்து வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பு 2019-இல் இடிக்கப்படலாயிற்று. ரஸ்பாய் தெரு வீடு மட்டும் நிற்கிறது.